காசிம் காற்றில் சிம்சிமா

வகீஹ் எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர்கள் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. தங்கள் நாற்காலிகளைப் பார்ப்பார்கள். அவருக்கும் அது பழகிவிட்டது. “பரவால்ல, நின்னுக்கறேன்” என்று அவரே முந்திக்கொள்வார். அலெக்ஸாந்திரியாவின் கேம்ப் ஷேசார் பகுதியில் டிராம் பாதையைப் பார்த்திருக்கும் அந்த மாடிக் காபிக் கடையில் மட்டும் இந்தப் பேச்சே கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி, ஜன்னலோரம் அவருக்கென்று போட்டு வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து தெரு கலையும் நேரத்தில் அவர் படியேறி வருவார். படியேறுவது கீழே தேநீர் ஆற்றுபவனுக்கே தெரியும். கண்ணாடி டம்ளர்கள் அலமாரியில் மெல்லக் குலுங்கும்.

உட்கார்ந்த மறு நிமிடம் அவர் தீப்பெட்டி எடைகூட இல்லாத ஒரு சிறகுப் பெண்.

பெயர் சிம்சிமா. எள்ளு என்று அர்த்தம். இரண்டு விரல் உயரம், தும்பியின் இறக்கை, கையில் குண்டூசி நீளத்துக்கு ஒரு வாள். இப்படி ஒருத்தி உலகத்தில் இல்லை. ஷாஹிந்தா சொல்லும் உலகத்தில் இருக்கிறாள். ஷாஹிந்தா மருந்துக் கடைக்காரி; அந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் ‘டாக்டரம்மா’. வெள்ளிதோறும் அவள் ஒரு கதையை நடத்துவாள். மலை எங்கே, அரண்மனை எங்கே, கதவுக்குப் பின்னால் என்ன பூதம் என்பதெல்லாம் அவளுக்கு மட்டுமே தெரியும். மேஜையைச் சுற்றி இருக்கும் மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவார்கள். ‘கதவைத் தள்ளுகிறேன்’ என்று வாயால் சொன்னால் போதும். கதவு திறந்ததா, தள்ளினவன் தோள்தான் பிசகியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் நல்ல காலம்.

மற்ற நாட்களில் வகீஹ் வின்ச் லாரிக்காரர். அலெக்ஸாந்திரியாவின் பழைய கட்டடங்களில் மாடிப்படிகளைக் கட்டியவர்கள் ஃப்ரிட்ஜைக் கனவிலும் கண்டதில்லை. எனவே கட்டில், பீரோ, சலவை இயந்திரம் எல்லாமே தெருவிலிருந்து கயிற்றில் தொங்கி, பால்கனி வழியாகத்தான் வீட்டுக்குள் நுழையும். கல்யாணச் சாமான் ஏறும் நாள் என்றால் தெருப் பெண்கள் கூடி நின்று குலவையிடுவார்கள். பெண்ணின் அம்மா கீழிருந்து, “ரய்யிஸ், கண்ணாடி! கண்ணாடி!” என்று கத்துவாள். ரய்யிஸ் என்றால் தலைவர். வின்ச் பிடிப்பவரை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்தக் காபிக் கடைக்கு வந்ததும் அப்படித்தான். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பழைய இத்தாலிய காபி இயந்திரத்தை மேலேற்ற வந்தார். ஏற்றி முடித்துக் கயிற்றை அவிழ்க்கப் போனவர், மூலை மேஜையில் இரண்டு பேர் ஒரு டிராகனுடன் பேரம் பேசுவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். டிராகனுக்காகப் பேசியவள் ஷாஹிந்தா.

“நிக்காதீங்க, உக்காருங்க” என்றாள் அவள். “உங்களுக்கும் ஒரு ஆளு தர்றேன். வீரன்தானே? கோடாலியா, சம்மட்டியா?”

வகீஹ் அவள் நீட்டிய புத்தகத்தைப் புரட்டினார். படம் படமாகப் போய் ஒன்றில் விரலை வைத்தார். விரலுக்கடியில் படமே மறைந்துவிட்டது.

“இது யாரு?”

“அதா? ஒரு குட்டி. யாரும் எடுக்க மாட்டாங்க. ஒரு அடி பட்டா செத்துரும்.”

“பறக்குமா?”

“பறக்கும்.”

“இதுவே இருக்கட்டும்.”

அன்று தர்வத்துக்குச் சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்தது. தர்வத் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்; வகீஹின் ஒரு தோளுக்குள் முழுசாக அடங்கிவிடுவார். சட்டை சிறுவர் பிரிவில்தான் எடுக்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் மறுப்பார், ஆனால் பலமாக மறுக்கமாட்டார். கதையில் அவர் ஸில்ஸால்: நிலநடுக்கம் என்று பெயர் வைத்துக்கொண்ட ராட்சதன். நாலு ஆள் உயரம், நெஞ்சு வரை தாடி, கதவளவு கோடாலி. மூன்றாமவள் இரீனி, பெண்களுக்கு நீச்சல் சொல்லித் தருபவள். கதையில் அவள் காயத்துக்கு மருந்து போடும் ஒரு துறவி.

சிம்சிமாவுக்காக வகீஹ் கீச்சுக்குரலில் பேசமாட்டார். தன் குரலிலேயே, ஆனால் மிக மெதுவாகப் பேசுவார். அவள் வாய் திறந்தால் மற்ற மூவரும் மேஜை மீது குனிந்துதான் கேட்க வேண்டும். நாள் முழுக்கத் தெருவில் நின்று ஏழாம் மாடிக்குக் கத்துகிற மனிதர் அவர்.

“ஏண்ணே எப்பவும் இத்தனூண்டு ஆளு?” என்று இரீனி ஒரு முறை கேட்டாள்.

வகீஹ் யோசித்தார். “பீரோ மேல போறப்போ எல்லாரும் பீரோவைத்தான் பாப்பாங்க. அந்நேரம் கயித்துல ஒரு சிட்டுக்குருவி வந்து உக்காரும் பாரு. அது பாட்டுக்கு உக்காரும், அது பாட்டுக்குப் போயிரும். யாரும் ‘கொஞ்சம் நகருப்பா’ன்னு அதுகிட்ட சொல்லமாட்டாங்க.”

வீட்டில் மனைவி ஹிக்மத்துக்கும் இந்த விஷயம் தெரியும். வெள்ளிக்கிழமை அவர் கிளம்பும்போது, “இறக்கை கதவுல சிக்கிரப்போவுது, பாத்துப் போங்க” என்பாள்.

எல்லாம் சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சிக்கல் என்னவென்றால், சிம்சிமா கெட்டிக்காரியாகிவிட்டாள். ஷாஹிந்தா வாரம் முழுக்க, மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே, ஒரு கோட்டையை வரைந்துகொண்டு வருவாள். முதலைகள் நீந்தும் அகழி. சிம்சிமா அதன்மேல் பறந்துவிடுவாள். மூன்று பூட்டு போட்ட இரும்புக் கதவு. சிம்சிமா சாவித்துவாரம் வழியாக உள்ளே. தூங்கும் பூதத்தின் கழுத்தில் தொங்கும் சாவி. அதைச் சிம்சிமா கொண்டுவந்த பிறகுதான் பூதமே இருந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியவரும்.

முதலில் பொறுமை இழந்தது தர்வத். “என் ஆளுக்கு ஒரு ஸ்டூலும் ரேடியோவும் வாங்கிக் குடுத்துருங்க. எவனாவது பணக்காரன் வீட்டு வாசல்ல காவல் வேலைக்குப் போயிருவான். மூணு மாசமா அதானே பாக்குறான்? கோடாலில துரு ஏறிருச்சு.”

“உன் கோடாலி நெசமா இருந்தா நீ தூக்குவியா?” என்றார் வகீஹ்.

“தூக்கமாட்டேன். அதனாலதான்யா இங்க வர்றேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். தர்வத் மட்டும் சிரிக்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்து வெள்ளி அது. காசிம் வந்துவிட்டிருந்தது. குளிர்காலப் புயல்களுக்கு அந்த ஊரில் ஆளுக்கொரு பெயர். காசிம் அதில் முரடன். கடற்கரைச் சாலையில் அலை ஏறி வந்து கார்களைக் கழுவிக்கொண்டிருந்தது. டிராம் கம்பிகள் ஊளையிட்டன. மாடிக் கடையின் ஜன்னல்களுக்குப் பழைய செய்தித்தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். நாலு பேரும் சுடச்சுட சஹ்லப் பால் கோப்பையைக் கையில் பிடித்துக் குளிர் காய்ந்துகொண்டிருக்கையில் ஷாஹிந்தா விஷயத்தைச் சொன்னாள்.

“இன்னிக்கோட இந்தக் கதை முடியுது. அடுத்த வாரம் புதுக் கதை, புது ஆளுங்க. அதுல இறக்கை கிடையாது.”

அவள் வகீஹின் பக்கம் திரும்பினாள்.

“ரய்யிஸ், கோவிச்சுக்காதீங்க. நான் செவுரு கட்டுறேன், நீங்க மேல பறந்து போயிடுறீங்க. மத்த ரெண்டு பேரும் உங்களை அண்ணாந்து பாத்துட்டு உக்காந்திருக்காங்க. கழுத்து வலிக்கு நான்தான் மாத்திரை குடுக்கணும்.”

“நடக்குற ஆளுன்னா எப்படி?” என்றார் வகீஹ்.

“உங்களுக்கு என்ன, ஒரு நல்ல மல்லன் எடுத்துக்குங்க.”

வகீஹ் ஒரு தடவை அதையும் செய்து பார்த்தவர்தான். ஷாஹிந்தாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் இரீனி கதை நடத்தினாள். வகீஹுக்கு மல்லன் வேஷம். அன்று சாயங்காலம் வரை எல்லோரும் அவரை எதையாவது தூக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாறையைத் தூக்கு, பாலத்தைத் தூக்கு, மயங்கினவனைத் தூக்கு. வீட்டுக்குப் போனதும், “இதைத்தானே சனிக்கிழமையிலேர்ந்து வியாழன் வரைக்கும் செய்றேன்?” என்று ஹிக்மத்திடம் சொன்னார். இறக்கை போனால் ஆட்டம் போகாது. ஆனால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

“இன்னிக்கு ஆட்டத்தைப் பாருங்க டாக்டரம்மா. பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றார்.

“என்ன பாக்கணும்?”

“சிம்சிமா தனியா எதையும் முடிக்கமாட்டா. சத்தியமா.”

ஷாஹிந்தா உதட்டைப் பிதுக்கினாள். “சரி. பாக்குறேன்.”

சிம்சிமாவுக்குப் பொம்மை கிடையாது. அவ்வளவு சின்ன பொம்மையை யாரும் செய்வதில்லை. ஒரு தெர்மிஸ் பயறுதான் அவளுக்குப் பதிலாக மேஜையில் நிற்கும். இரண்டு முறை தர்வத் மறதியில் அவளைத் தோலுரித்துத் தின்றிருக்கிறார். வகீஹ் அந்தப் பயறை ஸில்ஸாலின் பொம்மைக்குப் பின்னால், நல்ல பிள்ளைபோல, தள்ளி வைத்தார்.

ஷாஹிந்தா கதையைத் தொடங்கினாள். கடலுக்கு நடுவே ஒரு பாறை, அதன்மேல் ஒரு கோபுரம், உச்சியில் அணைந்துபோன விளக்கு. கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன, விளக்கு எரியாவிட்டால் அத்தனையும் பாறையில் மோதும்.

“கோபுரத்துக் கதவு திறந்திருக்கு. உள்ளே படி இடிஞ்சு கிடக்கு, ஏற வழியில்ல. மேலே விளக்கறை ஜன்னல் ஒண்ணு லேசாத் திறந்திருக்கு. வெளியே—”

திறந்த ஜன்னல் என்ற சொல் காதில் விழுந்ததும் வகீஹின் கை தானாகப் பகடையை எடுத்துவிட்டது. ஆறு வருஷப் பழக்கம்.

“சிம்சிமா ஜன்னல் வழியா விளக்கறைக்குப் பறக்குறா.”

இரீனி கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் ‘வெளியே’ன்னு ஆரம்பிச்சேன்” என்றாள் ஷாஹிந்தா. “முடிக்கல.”

வகீஹ் கையிலிருந்த பகடையைப் பார்த்தார். “வெளியே என்ன?”

“காசிம்.”

அந்த மேஜையில் ஒரு சட்டம் உண்டு: பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றைச் சொன்னால் அது நடந்தது நடந்ததுதான். ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ எல்லாம் செல்லாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே வகீஹ்தான். ‘தூக்கு’ன்னு நான் கத்திட்டா கயிறு ஏறிருச்சு, அப்புறம் ‘இரு இரு’ன்னா பீரோ கேக்குமா என்று ஒரு நாள் தர்வத்துடன் வாதாடிப் போட்ட சட்டம்.

“இன்னிக்கு ஒரு நாள் விட்டுரலாமே” என்றாள் இரீனி.

“வேணாம்மா. சொல்லிட்டேன்ல” என்று வகீஹ் பகடையை உருட்டினார். மூன்று.

ஷாஹிந்தா அதை ரசித்துச் சொல்லவில்லை. காற்று சிம்சிமாவைக் கிழிந்த காகிதம்போல் அடித்துக்கொண்டு போனது. ஒரு இறக்கை முறிந்தது. கோபுரத்தின் வெளிச்சுவரில் தொங்கிய இரும்புச் சங்கிலி ஒன்றில் அவள் கை மாட்டிக்கொண்டது. கீழே கடல்.

“அடுத்த சுத்து வரைக்கும்தான் பிடி தாங்கும்” என்றாள். பயறை எடுத்துக் கோப்பைத் தட்டின் விளிம்பில் வைத்தாள்.

இரீனியின் துறவி வாசல் வரை போய்ப் பார்த்தார். காற்று அவரையும் தள்ளி உள்ளே போட்டது. வகீஹ் சத்தியம் செய்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போது தர்வத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். “டாக்டரம்மா, என் ஆளு என்ன எடை இருப்பான்?”

“ஒரு எருமை. கவசத்தோட ரெண்டு எருமை.”

“அப்ப இந்தக் காத்து என்னை என்ன செய்யும்?”

ஷாஹிந்தா தன் காகிதங்களைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. “ஒண்ணும் செய்யாது. தாடி பறக்கும்.”

தர்வத் எழுந்து நின்றார். ஆறு வருஷத்தில் அவர் எழுந்து நின்று ஆடியதை யாரும் பார்த்ததில்லை. “ஸில்ஸால் வெளியே போறான். கோடாலியைக் கல்லு இடுக்குல சொருகிச் சொருகி ஏறுறான்.” உருட்டினார். பதினான்கு. “இன்னும் ஏறுறான்.” பதினாறு. பக்கத்து மேஜையில் பகடை ஆடிக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

“சங்கிலிகிட்ட வந்துட்ட. ஆனா உன் கை அவ வரைக்கும் எட்டல” என்றாள் ஷாஹிந்தா.

“எட்டுற வரைக்கும் நீட்டுறேன்.” தர்வத் மேஜைக்கு மேலே தன் குச்சிக் கையை நீட்டி, உள்ளங்கையைக் குழித்தார். “ரய்யிஸ், விடு. குதி.”

“காத்தடிச்சுட்டுப் போயிருச்சுன்னா?”

“நான் இருக்கேன்ல. குதிய்யா!”

“சிம்சிமா பிடியை விடுறா” என்றார் வகீஹ். அவருக்கே கேட்காத குரல். பகடை உருண்டு, சஹ்லப் கோப்பையில் முட்டி நின்றது. பதினேழு.

தர்வத் பயறை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். மூடின விரல்களை வகீஹ் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தூக்காத சாமான் அந்த ஊரில் இல்லை. அவரை ஒருவர் தூக்கியதாக அவருக்கு நினைவில்லை. மூன்று வயதிலேயே இடுப்பிலிருந்து இறக்கி விட்டுட்டேன் என்று அவர் அம்மாவே சொல்வாள். மூடிய கைக்குள் எப்படி இருக்கும்? காற்று இருக்காது. வெதுவெதுப்பாக இருக்கும். தர்வத்தின் கை என்றால் கண்ணாடி துடைக்கும் திரவத்தின் வாசனை அடிக்கும்.

“அண்ணே, உங்க முறை” என்றாள் இரீனி.

“சிம்சிமா அவன் தாடியைப் பிடிச்சு ஏறி, காதுல உக்காந்துக்கறா.”

“ஏய், கூசுது” என்றார் தர்வத். அவர் காது நிஜமாகவே சிவந்திருந்தது.

பிறகு ஆட்டம் ஓடிய ஓட்டத்தில் யாருக்கும் நேரம் தெரியவில்லை. ஏறிப் போய்ச் சேர்ந்த விளக்கறை கும்மிருட்டு. இரும்புத் தொப்பிக்குள் ஸில்ஸாலுக்குக் கண் தெரியாது. சிம்சிமா காதுக்குள் இருந்து ‘இடது, இன்னும் இடது, குனி, முட்டாள், குனி’ என்று வழி சொன்னாள். எண்ணெய்த் தொட்டியின் கல்மூடியை அவன் ஒருத்தனால்தான் நகர்த்த முடியும். ஆனால் திரி ஒரு குறுகிய குழாயின் அடியில் சிக்கிக் கிடந்தது. அதற்குள் போகிற அளவுக்கு அங்கே ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

“பறக்க முடியாது, ஞாபகம் இருக்கா?” என்றாள் ஷாஹிந்தா.

“நடந்து போறா” என்றார் வகீஹ். “இறக்கையைச் சுருட்டிக் கட்டிக்கிட்டு, நடந்தே போறா.”

பதினொன்று விழுந்தது. பெரிய எண் இல்லை, போதுமான எண். ஷாஹிந்தா தன் காகிதங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விளக்கு எரிந்ததையும் கப்பல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பியதையும் மனதிலிருந்தே சொன்னாள். பக்கத்து மேஜைப் பெரியவர்களில் ஒருவர், என்ன ஏதென்று தெரியாமலே கைதட்டினார்.

தேநீர் வந்தது. வகீஹ் டம்ளரைத் தொடவில்லை.

“முடிவைச் சொல்லிருங்க டாக்டரம்மா.”

“இன்னிக்கும் முதல்ல பறந்துதான் கெடுத்தீங்க” என்றாள் ஷாஹிந்தா.

“ஆமா.”

“நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள.”

“ஆமா.”

“அப்ப நான் சொன்னது சரிதானே?”

வகீஹ் பெரிய தலையை மெல்ல ஆட்டினார். சரிதான். அதில் மறுக்க என்ன இருக்கிறது.

“ஒரு நிமிஷம்” என்றார் தர்வத். இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். “புகார் குடுத்தது யாரு? நான். நான் வாபஸ் வாங்குறேன்.”

“ஏன்?”

“இந்த ஆளு பறக்குறது எனக்குப் பிரச்சினையே இல்ல. உங்க கதை ஊர்ல காத்து அடிக்காததுதான் பிரச்சினை. ஆறு வருஷமா எத்தனை கோட்டை, எத்தனை மலை! ஒரு நாள் காத்து அடிச்சிருக்கா? மழை பெஞ்சிருக்கா? மருந்துக் கடையில ஏசியைப் போட்டுட்டு உக்காந்து எழுதுனா இப்படித்தான். கடக்கரை ஊர்ப் பொண்ணு நீங்க, வெக்கமா இல்ல?”

இரீனி சிரிப்பை அடக்க மேஜைக்கடியில் குனிந்தாள்.

“அப்ப தப்பு என்மேலயா?” என்றாள் ஷாஹிந்தா.

“பாதி.”

ஷாஹிந்தா ஜன்னலைப் பார்த்தாள். செருகியிருந்த செய்தித்தாள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் மூஞ்சியில் ஒரு கள்ளத்தனம் வந்தது. அடுத்த வாரத்துக்கான பனிக்காற்றையும் மணல்புயலையும் அவள் அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள் என்பது மூவருக்கும் புரிந்தது.

“சரி. இறக்கை உங்களுக்கு, காத்து எனக்கு. அழக்கூடாது.”

“அழமாட்டேன்” என்றார் வகீஹ். டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் தேநீரைக் குடித்தார்.

புதுப் பாத்திரங்களுக்கான வெற்றுத் தாள்களை ஷாஹிந்தா ஆளுக்கொன்றாக நீட்டினாள். வகீஹ் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். இந்த முறை ஒரு வண்டு மனிதன். கட்டைவிரல் உயரம், ஓடு போட்ட முதுகு. பறப்பான், ஆனால் தொப்பென்று விழுவான்.

“எங்க உக்காருவே?” என்றார் தர்வத், தன் தாளை மறைத்துக்கொண்டே.

“காதுதான்.”

“காது வேணாம், நீ ரொம்பப் பேசுற. இந்தத் தடவை என் ஆளுக்குச் சட்டை உண்டு. பாக்கெட்டுல இரு.”

“பாக்கெட்டுல பொத்தான் போட்டுட்டா எனக்கு மூச்சு முட்டும்யா.”

“பொத்தான் இல்லாம இருந்தா நீ வெளியே விழுந்துருவே. காத்தடிக்கும்னு அந்தம்மா சொல்லுது.”

“பாதி பொத்தான்.”

“பாதி பொத்தான்னு ஒண்ணு உண்டாய்யா? தையல்காரன் அடிப்பான்.”

கொஞ்ச நேரம் இப்படியே போனது. கடைசியில் தர்வத் பெருமூச்சு விட்டு, உடை என்ற இடத்தில் குனிந்து எழுதினார்: இடது பக்கம், மேல் பாக்கெட், ஆழமாக.

“ஆழமா இருந்தா சரி” என்றார் வகீஹ்.